வெள்ளையம்மாவுக்குத் துரு பிடித்த கதை

இல்லம்மா, பயப்படாதீங்க, அந்தப் பல் நோண்டற கம்பி உங்க வாய்க்குள்ள வராது. நுனியில வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கே, அது பெயிண்ட்டு. உங்களுக்கு வேண்டியதெல்லாம் இந்தத் தட்டுல இருக்கு, வேக வச்சு, உறை போட்டு, சுத்தபத்தமா. அது மழுங்கிப்போச்சுன்னு தொழில்லேர்ந்து ஓய்வு குடுத்துட்டேன். இப்ப சிப்பாய்ங்களுக்கு மூக்கு செதுக்கிக்கிட்டிருக்கு. நர்ஸம்மா, பாலின், அதை எடுத்து டிராயர்ல போடும்மா, பாவம், அவங்க அதையே பாத்துக்கிட்டிருக்காங்க.

எந்தச் சிப்பாயா? அந்தா, ஜன்னல் ஓரமா, வாய் கொப்புளிக்கிற மருந்துக்குப் பின்னாடி. கட்டைவிரல் உசரம் இருப்பானுங்க. நேத்து சாப்பாட்டு நேரத்துல முதல் பூச்சு பூசினேன், காயட்டும்னு வச்சிருக்கேன். பனிக் கிரகத்துக் காவல் படைம்மா. சண்டை இன்னும் நாலஞ்சு நூற்றாண்டு கழிச்சுத்தான் வரப்போவுது, நாங்க இப்பவே மேசை மேல ஆடிப் பாத்துக்கறோம். ஐஸுக்கடியில ஏதோ தாது கெடக்காம், அதுக்கு ரெண்டு கூட்டம் அடிச்சுக்குது. என்ன தாதுன்னு கேட்டுடாதீங்க. இத்தனை வருஷமா ஆடறேன், எனக்கே தெரியாது.

எங்க, வாயைத் தொறங்க. ம்ம். உதடு மரத்துப்போய் மெத்தை மாதிரி இருக்கா? நல்லது. இது கடைவாய்ப் பல்லும்மா, வேரு கொக்கி மாதிரி வளஞ்சு கெடக்கு, படத்துல பாத்தேன். இழுத்தா வராது. கெஞ்சணும், கொஞ்சணும், மெல்ல ஆட்டணும். அதுவரைக்கும் நான் ஏதாவது பேசிக்கிட்டிருப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நாற்காலியில உக்காந்தவங்க யாரும் இதுவரைக்கும் எனக்கு மறுத்துப் பேசினதில்ல. நீ பல் டாக்டர் ஆனதே அதுக்குத்தான்னு என் சம்சாரம் சொல்லுவா.

பொம்மையான்னு கண்ணாலயே கேக்கறீங்க. கேளுங்க, எல்லாரும் கேக்கறதுதான். நாங்க பொம்மைன்னு சொல்றதில்ல, படைன்னுதான் சொல்லுவோம். வியாழக்கிழமை சாயங்காலம், இந்த பீஸ்டன் ஊர்லயே மெதடிஸ்ட் சர்ச் ஹால்ல கூடுவோம். என்னது? தெரியுமா அந்த ஹாலு? அது சரி, பீஸ்டன்ல அது யாருக்குத்தான் தெரியாது. உங்க வயசுக்காரங்க யோகா பண்றது கூட அங்கதானே. நாங்க ஒரு எட்டுப் பத்து பேர் இருப்போம். நார்மன்னு ஒருத்தர், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், டீ அவர் பொறுப்பு, செங்கல் நெறத்துல போடுவார். ஒரு கணக்கு வாத்தியார் உண்டு. அப்புறம் என்னோட ஜோடி, எதிராளி. அவனைப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்குப் பொழுது போகும்.

துருன்னுதான் கூப்பிடுவோம். பேரு வேற. எதைப் பாத்தாலும் அதுக்குத் துரு பிடிக்க வச்சிடுவான், அதனால துரு. அவன் படையைப் பாக்கணுமே! பழைய இரும்புக்கடைக் கிரகத்துச் சுரங்கக்காரனுங்க. ஓட்டை லாரி, ஒடஞ்ச பீரங்கி, ஒவ்வொண்ணுலயும் ஒழுகின கறை, உரிஞ்ச பெயிண்ட்டு. கிட்டப் போய் மோந்தா ஈர இரும்பு வாசனை அடிக்கிற மாதிரி இருக்கும். செங்கலை இழைச்ச பொடி, டீத்தூளு, கடற்பஞ்சு, இன்னும் என்னென்னவோ வச்சிருப்பான். ரோட்டுல போறப்பக்கூட பழைய கம்பி கேட்டைக் கண்டா வண்டியை ஓரங்கட்டிடுவான். அவன் தொழிலே வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறதுதான். கூரை மேல எல்னு எழுத்துப் பலகை போட்ட சின்ன நீல வண்டி. பாடம் நடந்துக்கிட்டிருக்கும்போதே நிறுத்தச் சொல்லி, அந்தக் கேட்டுல பாரும்மா, கீல்லேர்ந்து எப்படி வழிஞ்சிருக்குன்னு கத்துக்க வந்த பொண்ணுகிட்டக் காட்டுவானாம்.

அசையாதீங்கம்மா! வலிச்சுதா? இல்லயா? பின்ன ஏன் கண்ணு இப்படி விரியுது? பாலின், விளக்கைக் கொஞ்சம் தாழ்த்து, கண்ணுல அடிக்குது அவங்களுக்கு.

நான் அவனுக்கு நேர் எதிர். என் படை முழுக்க வெள்ளை. பனிக் கிரகம்னா வெள்ளையாத்தானே இருக்கணும். நான் பூசி, தேச்சு, மறுபடி பூசி, பளபளன்னு நிறுத்துவேன். துரு குனிஞ்சு பாத்துட்டு, யோவ், என்னய்யா இது, சண்டைக்குப் போறானுங்களா, கல்யாணத்துக்குப் போறானுங்களா, எந்த ஊர்லய்யா டாங்கிக்குப் பல்லு வெளக்கி அனுப்பறாங்கம்பான். நானும் விடமாட்டேன். உன்னோடதுல இருக்கறது துரு இல்லய்யா, சொத்தை, எல்லாத்தையும் புடுங்கித்தான் ஆகணும்பேன். இப்படித்தான் வாராவாரம். ஒருத்தன் டாங்கியை ஒருத்தன் திட்டாம நாங்க டீ குடிச்சதே கிடையாது.

எச்சிலை உறிஞ்சும்மா பாலின். இந்தப் பக்கம். ம், போதும்.

அப்பத்தான் நான் வெள்ளையம்மாவைக் கட்ட ஆரம்பிச்சேன். டாங்கி பேரும்மா அது. கடையில வாங்கினதில்ல. செட் பல்லு செய்யற பிசின்லயே உடம்பை வார்த்தேன். பல்லுக்குக் கட்டற கம்பியில கைப்பிடி. பீரங்கிக்குப் பித்தளைக் குழாய். ஒரு செங்கல் அளவுக்கு இருக்கும். ரெண்டு குளிர்காலம் போச்சு. கடைசியா செட் பல்லுக்குப் போடற பாலிஷையே போட்டேன் பாருங்க, முகம் தெரிஞ்சுது அதுல. ஹாலுக்கு எடுத்துக்கிட்டுப் போனப்ப எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க. நார்மன் டீ கெட்டிலை மறந்துட்டார், அது பாட்டுக்குக் கூவிக்கிட்டிருந்துச்சு.

துரு மட்டும் சுத்திச் சுத்தி வந்து பாத்தான். அப்புறம் கைக்குட்டையால வாயைத் தொடச்சுக்கிட்டு, யோவ், ஒரே ஒரு பொட்டு வச்சுக்கறேன்யா, பின்பக்கம், யாருக்கும் தெரியாதுன்னான். கையை வெட்டிடுவேன்னேன். அதுக்கப்புறம் எப்ப வெள்ளையம்மாவை வெளிய எடுத்தாலும் அவன் கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். பாவமாத்தான் இருக்கும். சர்க்கரை வியாதிக்காரன் கேக் கடை வாசல்ல நிக்கிற மாதிரி.

ஏப்ரல் மாசம் ஷெஃபீல்டுல கண்காட்சி. நாட்டுல இருக்கற படைக்காரனெல்லாம் அங்க கூடுவான். ஒரு பெரிய விளையாட்டு அரங்கம், உள்ள நூத்துக்கணக்குல மேசை, வேர்வை நாத்தம், அதுதான் எங்களுக்குத் திருவிழா. பெயிண்ட்டுப் போட்டி ஒண்ணு உண்டு. நான் வெள்ளையம்மாவை எழுதிக் குடுத்திருந்தேன். துருவும் சேந்திருந்தான். ஒரு சின்னப் பலகை மேல சுரங்க வாசலு, அதுல இடிஞ்ச லிஃப்ட்டு, அதைச் சுத்தி ஒரு அஞ்சாறு சுரங்கக்காரனுங்க. அதுவும் லேசுப்பட்ட வேலை இல்ல. அந்த வருஷம் கோப்பை எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான்னு நார்மன் அடிச்சுச் சொன்னார்.

அவன் வண்டியிலதான் கிளம்பினோம். அவன் பலகை பின் சீட்டுல, பெல்ட்டெல்லாம் போட்டு. வெள்ளையம்மா என் மடியில. கடைசிப் பூச்சு அன்னைக்குக் காலையிலதான் அடிச்சிருந்தேன், அது இன்னும் லேசாப் பிசுபிசுன்னு இருந்துச்சு, மூடி போட முடியல. நான் மூச்சுக்கூட மெதுவாத்தான் விட்டுக்கிட்டு வந்தேன்.

பாதி வழியில நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில நிறுத்தினோம். பன்னி இறைச்சி வறுத்து ரொட்டிக்குள்ள வச்சுத் தருவான், அது இல்லாம துருவுக்கு வண்டி நகராது. நான் போய் வரிசையில நின்னேன். அவன் வண்டிகிட்ட காலை நீட்டிக்கிட்டு நின்னான். அங்கேர்ந்து பாத்தா தெரியுது, என் சீட்டுல இருந்த வெள்ளையம்மாவை எடுத்து வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தான். பாத்துட்டுப் போகட்டும், கையில பெயிண்ட்டு இல்லயேன்னு நானும் விட்டுட்டேன். என் முறை வந்துச்சு, திரும்பிட்டேன். அந்த நேரம் பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான் பாருங்க, காது கிழிஞ்சுது. துரு குறுக்க நிறுத்தியிருந்தான் போல. பதினாறு வருஷமா வண்டி கத்துக்குடுக்கறவன். ஹாரன் கேட்டா அவன் கையும் காலும் தன்னால வேலை செய்யும். கதவைத் தொறந்தான், கையில இருந்ததைத் தன்னோட சீட்டுல வச்சான், குதிச்சு ஏறினான்.

ஆமாம்மா.

ஆமா, அது மேலதான்.

சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க, கொறடு பல்லைப் பிடிச்சிருக்கு. மூக்கால மூச்சு விடுங்க. பாலின், நீ எத்தனை தடவை கேட்டிருக்கே, நீ ஏன் சிரிக்கறே?

இது எனக்கு அப்பத் தெரியாது, பின்னால தெரிஞ்சுக்கிட்டது. நான் ரொட்டி, டீயோட வந்து பாக்கறேன், துரு ஸ்டீரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டிருக்கான். மூஞ்சி மாவு மாதிரி வெளுத்துக் கெடக்கு. மழைக் கோட்டை எடுத்துக் கழுத்து வரைக்கும் போத்தியிருக்கான். வெள்ளையம்மா எங்கய்யான்னேன். பின்னாடி டிக்கியில பத்திரமா வச்சிருக்கேன், மடியில வச்சா டீ கொட்டிடும்னான். எனக்கு மனசே குளுந்துபோச்சு. எவ்வளவு அக்கறை பாரு இவனுக்குன்னு நினைச்சேன்.

ரொட்டி வேண்டாம்னுட்டான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

வண்டி கிளம்பிச்சு. பாக்கறேன், துரு கொஞ்சம் உசந்த மாதிரி இருக்கான். தலை கூரையில இடிக்குது. பின்னாடி பாக்கற கண்ணாடியைக் கையால மேல தூக்கித் திருப்பிக்கிட்டான். என்னய்யா இப்படி உக்காந்திருக்கேன்னேன். இடுப்புப் பிடிப்பு, நிமிர்ந்து உக்காரச் சொல்லியிருக்காங்கன்னான். ஒவ்வொரு வளைவுக்கும் ஹ்ம்னு ஒரு முனகல். சரி, மூலமா இருக்கும், சொல்ல வெக்கப்படறான்னு நினைச்சு, நானா பக்குவமா ஆரம்பிச்சேன். வெந்நீர்ல உக்காருய்யா, நார்ச்சத்து சாப்பிடு, இதுல என்ன வெக்கம், நாம ரெண்டு பேரும் வயசானவங்கதானேன்னேன். அவன் கண்ணுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி இறங்குச்சு. அடடா, ரொம்ப முத்திப்போச்சு போலன்னு நான் வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் ஷெஃபீல்டு வந்துச்சு. அந்த ஊர்ல வேகத்தடை போடறதுல கஞ்சத்தனமே பாக்கறதில்லம்மா. ஒவ்வொண்ணுலயும் வண்டி ஏறி இறங்க, ஒரு சின்ன நறுக் சத்தம். வண்டி பழசாயிடுச்சுய்யான்னேன். ஆமாய்யான்னான்.

போய்ச் சேந்ததும், நீ போய்ப் பேரைப் பதிஞ்சுடு, நான் நிறுத்திட்டு எடுத்துக்கிட்டு வர்றேன்னு என்னை வாசல்லயே இறக்கி விட்டுட்டான்.

பதிஞ்சேன். மேசையில என் பேர் எழுதின அட்டைக்குப் பின்னாடி நின்னேன். நிக்கிறேன், நிக்கிறேன், ஆளைக் காணோம். பக்கத்து மேசைக்காரங்க தங்களோடதை வச்சுட்டுப் போயிட்டாங்க. போட்டி அறைக் கதவை மூடப்போறோம்னு ஒலிபெருக்கியில சொல்லிட்டாங்க. எனக்கு வேர்த்து ஊத்துது. கடைசி நிமிஷத்துல வந்தான். கையில ஒரு பலகை, மேல பாத்திரம் தொடைக்கிற துண்டு போத்தியிருந்துச்சு. என் மூஞ்சியைப் பாக்காம மேசையில வச்சான். விரலெல்லாம் ஆரஞ்சு நெறம், பசை ஒட்டித் தோல் உரிஞ்சிருந்துச்சு. மூத்திரம் போயிட்டு வர்றேன்னான். போனான்.

நான் துண்டைத் தூக்கினேன்.

என்னத்தைச் சொல்ல. ஒரு நிமிஷம் அது என்னன்னே புரியல. பனி மேட்டுல பாதி புதைஞ்சு ஒரு டாங்கிப் பொணம் கெடக்கு. மேல்மூடி நெளிஞ்சு உள்ள விழுந்திருக்கு. பீரங்கி வளஞ்சு தரையைப் பாக்குது. ஒடஞ்ச இடமெல்லாம் கருகியிருக்கு, விரிசல் ஒவ்வொண்ணுலயும் துரு வழிஞ்சு பனியில இறங்கிச் சிவப்பாக் கரைஞ்சிருக்கு. அங்கங்க மட்டும் என்னோட வெள்ளை, அந்தப் பாலிஷ், அப்படியே மிச்சம். அந்த மிச்ச வெள்ளை இருக்கறதாலதான் பாக்கவே முடியல. எவ்வளவு அழகா இருந்திருப்பா, இப்படி ஆயிட்டாளேன்னு தோணுது. அந்தப் பலகை அவனோடது. சுரங்க வாசலைப் பேத்து எடுத்துட்டான், லிஃப்ட்டைப் பேத்துட்டான். அவனோட போட்டிப் பொருள் மொத்தத்தையும் பிச்சு, அதை வச்சு வண்டி நிறுத்தற இடத்துல உக்காந்து இதைப் பண்ணியிருக்கான். டாங்கியோட ஒடஞ்ச மூடி மேல அவனோட சுரங்கக்காரன் ஒருத்தன் உக்காந்திருந்தான். எதிரிப் படைக்காரன். தலைக் கவசத்தைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

கோவம் வந்துச்சான்னா கேக்கறீங்க? வந்துச்சும்மா. ரெண்டு குளிர்காலம் ஆச்சே. துண்டை முறுக்கிக்கிட்டு நின்னேன், கெடைச்சா கழுத்துல போட்டு இறுக்கிடலாம்னு. அப்புறம் குனிஞ்சு கிட்டக்க பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தக் குட்டி மனுஷனைப் பாக்கப் பாக்கக் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. எப்படி ஒடஞ்சுதுங்கறதும் அப்பத்தான் புரிஞ்சுது. என் பூச்சு காயலயா, அதுல அவன் கால்சட்டையோட நீலக் கார்டுராய் நூலு நாலஞ்சு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பல் அச்சைப் பாத்து ஆளைச் சொல்றது என் தொழிலு. பின்பக்க அச்சு தெரியாதா எனக்கு? மூலம், வெந்நீர்னு நான் பேசினதெல்லாம் ஞாபகம் வந்து, அந்த அறையில ஒத்தையா நின்னு கிறுக்கன் மாதிரி சிரிச்சேன்.

நடுவர் ஒரு அம்மா, கண்ணுல மாட்டற பூதக்கண்ணாடியோட வந்தாங்க. மத்ததுக்கெல்லாம் ஒரு பார்வை, ஒரு டிக்கு. இதுகிட்ட வந்து நின்னவங்க நகரவே இல்ல. கடைசியில கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டு, இந்தத் துருவை எங்க கத்துக்கிட்டீங்கன்னாங்க. நான் பண்ணல அம்மா, உடம்புதான் என்னோடது, உசுரு குடுத்தது என் சிநேகிதன், ரெண்டு பேரையும் எழுதுங்கன்னேன். ஒரு பொருளுக்கு ஒரு பேருதான், சட்டம்னுட்டாங்க. முதல் பரிசு. மைக்குல என் பேரைக் கூப்பிடறாங்க, நான் அவனைத் தேடறேன். கழிப்பறை, டீக்கடை, வண்டி நிறுத்தற இடம், எங்கயும் இல்ல. வண்டியும் இல்ல. ஒரு கையில கோப்பை, ஒரு கையில டாங்கிப் பொணத்தோட நான் ஸ்டேஷனுக்குப் போனா, ஞாயித்துக்கிழமை, தண்டவாள வேலை, ரயிலுக்குப் பதிலா பஸ்ஸாம். நாட்டிங்காம் வர்ற வரைக்கும் பக்கத்து சீட்டுல ஒரு கிழவி, இறந்தது யாருப்பான்னு கேட்டுக்கிட்டே வந்தா.

பல்லா? எந்தப் பல்லு? ஓ, அதுவா. அது ஷெஃபீல்டு வேகத்தடையிலயே வந்துடுச்சும்மா. அந்தா தட்டுல கெடக்கு பாருங்க, கொக்கி வேரோட. நீங்க சிரிப்பை அடக்கறதுலயே இருந்தீங்க. இல்ல, எந்திரிக்காதீங்க. இந்தப் பஞ்சைக் கடிச்சுக்கோங்க. நல்லா அழுத்தி. ரத்தம் நிக்கிற வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா மறுபடி ஊசிதான். பாலின், கதவைச் சாத்திக்கிட்டு ஒரு நிமிஷம் வெளிய இரும்மா.

அதுக்கப்புறம் துரு கிளப்புக்குள்ள கால் வைக்கலம்மா. நான் அன்னைக்குத் திட்டியிருந்தா வந்திருப்பான். நாலு வார்த்தை பச்சையா வாங்கிக்கிட்டு, டீயைக் குடிச்சிட்டு உக்காந்திருப்பான். திட்டறதுக்கு ஆளு கெடைக்கலயே எனக்கு. போன் பண்ணா எடுக்கறதில்ல. வழியில எதிர்ல பாத்துட்டா, வண்டி கத்துக்கற பொண்ணுகிட்ட ஏதோ கத்தறான், அது நடு ரோட்டுல வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்த வழியே ஓடுது. மூணு தடவை ஆச்சு. அந்தப் பொண்ணு போன மாசம் பரீட்சையில தேறிடுச்சாம், வண்டியைத் திருப்பறதுல அதை அடிச்சுக்க ஆளில்லயாம்.

எனக்கு இப்ப ஜோடி அந்தக் கணக்கு வாத்தியார். நான் தாயக்கட்டையைக் கையில எடுத்ததும், ஆறு விழறதுக்கு நூத்துக்குப் பதினேழுதான் வாய்ப்புன்னு சொல்லுவார். என் டாங்கியைப் பாத்து நல்லா இருக்குங்கறார். நல்லா இருக்காம். அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? திட்டறதுக்கு ஆளில்லாம எவனுக்காவது டாங்கி பூசப் பிடிக்குமா? அந்தச் சிப்பாய்ங்க ஜன்னல்ல ஒரு பூச்சோட ரெண்டு மாசமா நிக்கிறானுங்க. நேத்து பூசினேன்னு உங்ககிட்டச் சொன்னது சும்மா.

சரி. இவ்வளவு நேரம் அவன் இவன்னு பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க மிஸஸ் ஃபெல்லோஸ். உங்க வீட்டுக்காரரைத்தான்.

பேசாதீங்க, கடிங்க, கடிங்க! எனக்குத் தெரியும், கூரை மேல எல் போட்ட வண்டின்னதுமே உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. இந்த ஆஸ்பத்திரியில புது நோயாளிங்களைச் சேத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இந்த ஊர்ல அரசாங்கப் பல் டாக்டர் கெடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். போன வாரம் நீங்க போன் பண்ணி, எல்லா இடத்துலயும் இல்லன்னுட்டாங்க, பேரு ஃபெல்லோஸ்னு சொன்னதும், பாலின் போனைக் கையால பொத்திக்கிட்டு என்னைப் பாத்தா. என்னைக்கு வேணா வரச் சொல்லு, இன்னைக்கே வரச் சொல்லுன்னேன்.

என்ன? விரலை ஆட்டறீங்க. வியாழக்கிழமையா? ஆமா, அதைத்தான் சொல்ல வந்தேன். வியாழக்கிழமை தவறாம படைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, கிளப்புக்குப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் கிளம்பறார். வேற எங்கயும் போகலம்மா, உங்க புருவத்தைக் கீழ இறக்குங்க. கிளப்புக்குத்தான் வர்றார். ஹாலுக்கு எதிர்ல, மரத்தடியில வண்டியை நிறுத்திட்டு, பெட்டியை மடியில வச்சுக்கிட்டு, உள்ளயே உக்காந்திருக்கார். சிப்ஸ் வாங்கிக்கறார், பட்டாணி மசியல் மேல புதினா சாஸ் ஊத்தி. வீட்டுக்கு வர்றப்ப வினிகர் வாடை அடிக்குமே? அதான். ஆட்டம் முடிஞ்சு நாங்க நாற்காலியை மடக்கற சத்தம் கேட்டதும் கிளம்பிடுவார். ஏப்ரல்லேர்ந்து நவம்பர் ஆச்சு, ஒரு வாரம் தப்பினதில்ல.

நாங்க ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இருட்ட ஆரம்பிச்சதும் நார்மன் போய் வாசல் விளக்கைப் போட்டு வைப்பார், அவர் சிப்ஸ் சாப்பிட வெளிச்சம் வேணுமேன்னு. நான் ஒரு தடவை டீயோட வெளிய போனேன். கதவு தொறந்த சத்தம் கேட்டதும் ஓட்டம். கூரை மேல ஆற வச்ச சிப்ஸ் பொட்டலம் எல் பலகையில சாஞ்சு, அது பாட்டுக்குப் போவுது. மடியில பெட்டி, நாலு சக்கரம் கையில, ஆளை எப்படிப் பிடிக்கறது சொல்லுங்க. நான் பல் டாக்டர், போலீஸ் இல்ல.

பஞ்சை மாத்திடறேன், ஆன்னு காட்டுங்க. நின்னுபோச்சு, ரொம்ப நல்லது. இன்னைக்குச் சூடா எதுவும் குடிக்காதீங்க, அந்தப் பக்கம் மெல்லாதீங்க. வீட்டுல இதைப் பத்தி அவர்கிட்ட மூச்சு விடாதீங்க, சொன்னா இன்னொரு மரத்தடி தேடிக்குவார். வியாழக்கிழமை அவர் பெட்டியைத் தூக்கினதும், நானும் வர்றேன், ஹாலுக்குப் பக்கத்துல இறங்கிக்கறேன்னு சொல்லி முன் சீட்டுல ஏறி உக்காந்துக்கோங்க. மரத்தடியில நிறுத்துவார். அப்ப நான் கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய வருவேன். என்னைக் கண்டதும் வண்டியைக் கிளப்புவார்.

அது வண்டி கத்துக்குடுக்கற வண்டிம்மா. உங்க காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. மிதிங்க.